காலும் ரகரமும்: கணிப்பொறிக்குள் தமிழ் நுழைந்த வழி



ஓலைச்சுவடிகளோடு பழகியவர்கள் அறிந்த இடர் ஒன்று உண்டு. பழைய ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். ‘அவர்’ என்பதும் ‘அவா’ என்பதும் ஏட்டில் ஒன்றே. அங்கே நிற்பது மனிதரா, மனிதரின் ஆசையா என்பதைப் பாட்டின் பொருளை உணர்ந்த பின்னரே துணிய இயலும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும், அவருக்கு முன்பே தொல்காப்பியப் பதிப்பில் இறங்கிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் இத்தகைய ஐயங்களை ஆயிரக்கணக்கில் தீர்த்தே ஏட்டுத் தமிழை அச்சுத் தமிழாக்கினர்.

ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தது ஒரு பெயர்ச்சி என்றால், தாளிலிருந்து கணிப்பொறிக்குச் சென்றது இன்னொரு பெயர்ச்சி. முதற் பெயர்ச்சியில் தீர்ந்த ரகர ஐயம் இரண்டாம் பெயர்ச்சியில் வேறு வேடத்தில் திரும்பி வந்தது. இன்று கணிப்பொறியில் ஏறியுள்ள பல பக்கங்களில் ‘அவர்’ என்னும் சொல்லின் இறுதியில் இருப்பது ரகரமன்று. துணைக்காலின் தலைமேல் வைத்த புள்ளியே. கண்ணுக்கு அது ரகர மெய்யாகவே தோன்றும். அச்சிட்டால் குறை தெரியாது. ஆயினும் அச்சொல்லைத் தேடுமாறு பொறியைப் பணித்தால், அப்படி ஒரு சொல்லே இல்லை என்று அது கைவிரிக்கும். ‘ஔ’ என்னும் எழுத்தை ஒகரமும் ளகரமுமாக இரண்டு எழுத்தாக அடித்துவிட்டால் ஔவையாரின் பெயரும் அவ்வாறே தொலையும்.

இது பொறியின் பிழையா, அடித்தவரின் பிழையா? இரண்டும் அன்று. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்பது அச்சுக் காலத்தின் பழக்கம். எழுத்தின் வடிவம் வேறு, எழுத்தின் அடையாளம் வேறு என்பது கணிப்பொறிக் காலத்தின் விதி. புதிய ஏற்பாடு ஒன்று வரும்போது கருவி ஒரே நாளில் மாறிவிடும். பழக்கம் அவ்வாறு மாறாது. கணித்தமிழின் வரலாறு முழுவதும் இந்த இடைவெளியின் வரலாறே எனலாம்.

பழக்கம் என்பதை இழிவாகக் கருதுதல் கூடாது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை எண்ணிப் பார்க்கலாம். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது அரிய செயல். யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா அதற்கு வழி கண்டவருள் முதன்மையானவர். புள்ளியை அடித்தால் தாள் நகராது. அதன்பின் எழுத்தை அடிக்கப் புள்ளி அதன் தலைமேல் அமரும். எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னும் வரும். பொறியிலோ புள்ளி முன்னும் எழுத்து பின்னும் வரும். இந்தத் தலைகீழ் முறையை விரல்களில் ஏற்றிக்கொள்ள மாதக்கணக்கில் பயில வேண்டும். அவ்வாறு பயின்று, கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளில் வென்று, அந்தச் சான்றிதழால் வேலை பெற்றுக் குடும்பம் காத்தவர்கள் பல்லாயிரவர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக, ‘தமிழ்99’ விசைப்பலகையை அவ்வாண்டே தமிழ்நாடு அரசு ஏற்றது. அதன் அமைப்பு இலக்கணம் அறிந்தவர் உள்ளம் மகிழத்தக்கது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். மெய்யின்பின் உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். இத்துணைச் செம்மை இருந்தும், பழைய தட்டச்சில் தேர்ந்தவர்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. அவர்களைக் குறை கூறல் தகாது. இருபது ஆண்டு உழைப்பால் பெற்ற வேகத்தை ஒரு நாளில் கீழே வைத்துவிட்டுத் தொடக்கப்பள்ளி மாணவரைப்போல் எழுத்தெழுத்தாகத் தேடுமாறு சொன்னால், எவருக்கும் அது மானக்குறைவாகவே தோன்றும். ஆகவே மென்பொருள் செய்தோர் பழைய தட்டச்சு முறையையும் உடன் சேர்த்துத் தர வேண்டியதாயிற்று. தட்டச்சே பயிலாத இளையோரோ ஆங்கில எழுத்தின் ஒலிவழியே தமிழை அடித்தனர். ஒரே மொழி மூன்று கைப்பழக்கங்களில் நடந்தது.

விசைப்பலகையில் இருந்த வேற்றுமையால் பெருங்கேடில்லை. எந்த வழியாக ஏறினாலும் மாடி ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் மாடியே வேறுவேறாக இருந்ததுதான் துயரம். அக்காலக் கணிப்பொறியில் எழுத்துகளுக்கு இருந்த இடம் 256. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய இடத்தில் தமிழை அமைக்க, எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஒரு வரிசை வகுத்தனர். ஒருவருடைய ககரம் இருந்த இடத்தில் இன்னொருவருடைய ணகரம் இருந்தது. ஓர் அச்சகத்தில் கோத்த கவிதையை வேறோர் அச்சகத்தில் திறந்தால், பொருளற்ற குறிகளின் குவியலே திரையில் தோன்றும்.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்கள் பலர். சிங்கப்பூர்ச் சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1997இல் அந்நாட்டில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டுவித்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊதியம் பெறாத ஆர்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தம் கையாலேயே தட்டச்சிட்டு உலகிற்கு அளித்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். இவர்கள் பணி அரசாணைக்குக் காத்திராமல், மொழிமேல் கொண்ட பற்றினாலேயே நடந்தது.

எனினும் ஒற்றுமை விரைவில் வாய்க்கவில்லை. அயலகத் தமிழர் பலர் கூடிப் பேசி வகுத்த ‘திஸ்கி’ குறியேற்றம் ஒருபுறம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்கள் மறுபுறம். ஏற்கெனவே பெருஞ்செலவில் எழுத்துரு வாங்கிய அச்சகங்களும் இதழ்களும் தம் பழைய கோப்புகளைக் கைவிட மனமின்றி இருந்த இடத்திலேயே நின்றன. இறுதியில் நிலைத்தது 1991இல் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிய ஒருங்குறி. அதில் தமிழின் அமைப்பு முறையாகப் போற்றப்படவில்லை என்ற குறை அன்றுமுதல் உண்டு. தனிமெய்க்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்யோடு புள்ளியைச் சேர்த்தே மெய்யைப் பெற வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 நுண்மி அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் 2010இல் அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஆயினும் மக்கள் கையில் ஒருங்குறியே நின்றது. காரணம் எளிது. அது கணிப்பொறியோடும் பின்னர்க் கைப்பேசியோடும் தானே வந்தது. எவரும் எதையும் தேடிப்போய் நிறுவ வேண்டியதில்லை. தகுதியில் மேலானது மட்டுமே வெல்லும் என்பதில்லை. புழக்கத்திற்கு எளியதே பெரும்பாலும் வெல்லும்.

இதனோடு எழுத்துச் சீர்திருத்தத்தை ஒப்பிட்டால் உண்மை மேலும் துலங்கும். 1935இல் ‘குடி அரசு’ இதழில் பெரியார் கையாளத் தொடங்கிய வடிவங்களை அரசு ஏற்றது 1978இல். இடையே கடந்தவை 43 ஆண்டுகள். மாறியவை 13 எழுத்துகளே. ஆயினும் அந்த மாற்றத்திற்குப் பாடநூல் துணை நின்றது. ஆசிரியர் துணை நின்றார். பழைய வடிவத்தையும் படிக்கத் தெரிந்த தலைமுறை பொறுமையோடு உடன் நடந்தது. கணிப்பொறி மாற்றத்தில் ஆணையும் கருவியும் முன்னே வந்தன. ஆசிரியரும் பயிற்சியும் பின்தங்கிப் போயினர். ஒரு நிறுவனம் புதிய ஏற்பாட்டை விலைக்கு வாங்கலாம்; அதனைக் கையாளும் பழக்கத்தை விலைக்கு வாங்க இயலாது.

கவிஞர்களைச் சார்ந்த சிக்கல் ஒன்றும் இங்கே உண்டு. இன்று கவிஞர் தம் நூலை ஒருங்குறியில் எழுதுகிறார். பக்கம் கோக்கும் மென்பொருள்கள் நெடுங்காலம் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே ஏற்காமையால், பழைய எழுத்துருவிற்கு மாற்றியே நூல் கோக்கும் வழக்கம் அச்சகங்களில் வேரூன்றிவிட்டது. அந்த மாற்றத்தில் சில எழுத்துகள் சிதையும். மெய்ப்புப் பார்த்துத் திருத்துவது அச்சகக் கோப்பில்தான். கவிஞரிடம் இருப்பது திருத்தம் பெறாத படி. சில ஆண்டுகள் கழித்து அச்சகம் பொறியை மாற்றுகிறது. திருந்திய கோப்பு அதனோடு போகிறது. மறுபதிப்பு வரும்போது கையில் கிடைப்பது பிழை மலிந்த முதற்படி. எந்தப் பாடம் மூலபாடம் என்ற கேள்வி ஈராயிரம் ஆண்டு முந்திய பாட்டுக்கு மட்டும் உரியதன்று. இருபது ஆண்டு முந்திய கவிதைக்கும் உரியதாகிவிட்டது.

இதற்குத் தீர்வு பெருஞ்செலவில் இல்லை, ஒழுங்கில் உண்டு. அச்சுக்குச் சென்ற இறுதிப் படியை ஒருங்குறிக்கு மீட்டு, மனிதக் கண்ணால் ஒப்புநோக்கி, கவிஞரிடமும் வட்டத்திடமும் ஒவ்வொரு படி வைத்தல் வேண்டும். மாற்றிகள் வேலையை விரைவாக்கும். சரிபார்ப்பதோ புலமையின் கடமை. எவர் பொறுப்பில் எந்தக் கோப்பு உள்ளது என்பதை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பல்லர். பழைய எழுத்துருவில் உள்ள மலர்களையும் இதழ்களையும், அவற்றைத் திறக்கத் தெரிந்த முதிய அச்சுக்கோப்பாளர்கள் இருக்கும்போதே மாற்றிவிடுதல் நலம். அவர்களைப் பழமையர் என்று ஒதுக்காமல், இரு காலத்தையும் இணைக்கும் ஆசிரியர்களாக அமர்த்துதல் அதனினும் நலம். அச்சுப் படிகளைச் சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேர்ப்பித்தலும் மறவாமை வேண்டும்.

ஏடுகள் அழிந்தமைக்குக் கறையானையும் வெள்ளத்தையும் காரணம் சொல்வது வழக்கம். படியெடுக்கும் கை ஓய்ந்ததே அதற்குப் பெருங்காரணம். படியெடுத்த சுவடி பிழைத்தது. எடுக்காத சுவடி மண்ணாயிற்று. கணிப்பொறிக் கோப்பிற்கும் அதுவே விதி. பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டம் தன் பத்து ஆண்டுக் கவிதைகளை அடுத்த தலைமுறை படிக்கக்கூடிய எழுத்தில் படியெடுத்து வைக்குமாயின், ‘அவர்’ என்று எழுதியதை ‘அவர்’ என்றே வருங்காலம் படிக்கும்.