குறைந்த வருவாயில் நிறைந்த உணவு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் தரும் பாடம்

ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை அறிய அதன் வருமானத்தை மட்டும் கேட்பது போதாது; அவ்வருமானத்தில் உணவுக்குச் செல்லும் பங்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். வருவாய் குறையக் குறைய இப்பங்கு கூடும் என்பதை 1857ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். இந்திய ஊரகக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 1999-2000ஆம் ஆண்டில் 59 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு, 2022-23ஆம் ஆண்டு ஆய்வில் 46 விழுக்காடாக இறங்கியிருந்தது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும் நாட்டின் சராசரி, கூலிக் குடும்பத்தின் அடுப்படியைக் காட்டுவதில்லை. கைக்கும் வாய்க்குமாக வாழும் குடும்பம் எதை வாங்குகிறது, எதை வாங்காமல் விடுகிறது என்பதைத் தனியே ஆராய வேண்டும். அத்தகைய ஆய்வுக்குப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகள் மிகவும் ஏற்றவை.

எல்லையும் மக்களும்

இவ்விரு மாவட்டங்களும் கேரளத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கிழக்கு ஓரங்களில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். பாலக்காட்டில் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய பகுதிகள் மழை குறைந்தவை. வேளாண் கூலியை நம்பியவர்கள் அங்கு மிகுதி. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்கள் தேயிலைக்கும் ஏலத்துக்கும் பெயர் பெற்றவை. கங்காணிகள் வழியாக அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்கின்றனர். ஏலத் தோட்டங்களுக்கோ போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வந்து வேலை செய்து திரும்புவோரும் உண்டு. நிலமும் தொழிலும் வேறாயினும், இக்குடும்பங்களுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. உணவுப் பொருளை இவர்கள் பெரும்பாலும் விளைவிப்பதில்லை. கூலியைக் கொண்டு வாங்குகின்றனர்.

அரிசி உறுதியான வரலாறு

கேரளம் நெடுங்காலமாக அரிசிப் பற்றாக்குறையுள்ள நாடு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை மக்களை மரச்சீனிக் கிழங்கே பெரிதும் காத்தது. 1960களில் உணவு மண்டலக் கட்டுப்பாடுகளால் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி செல்வது தடைப்பட்டது. அக்காலத்திலேயே கேரளத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் தழுவிய பங்கீட்டு முறை வேரூன்றியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயா குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோவும் உரியன. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது.

நால்வர் கொண்ட ஒரு முன்னுரிமைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மாதம் 20 கிலோ தானியம் கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி கொண்ட உணவில் 250 கிராம் தானியம் போதும் என்கிறது. நால்வருக்கு இது மாதம் 30 கிலோ ஆகும். கடும் உடலுழைப்பாளருக்குக் கூடுதலாகவே வேண்டும். எனினும் தேவையில் பெரும்பகுதி நியாயவிலைக் கடையிலேயே கிடைத்துவிடுகிறது. பட்டினியை விரட்டியதில் இந்த ஏற்பாட்டுக்கு உள்ள பங்கை எவரும் மறுக்க முடியாது.

பருப்பின் நிலை

அதே வழிகாட்டி, பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவை சேர்ந்து ஆளுக்கு நாள்தோறும் 85 கிராம் வேண்டும் என்கிறது. நால்வருக்கு இது மாதம் 10 கிலோவுக்குச் சற்று மேல். இதைத் தரும் பொறுப்பு கூலியின்மீதே விழுகிறது. குடும்ப வரவு செலவின் மெய்யான சோதனை இங்குதான் தொடங்குகிறது. அரிசி உறுதியாகிவிட்டதால் கையிலுள்ள பணம் பருப்புக்குச் செல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பேருந்துக் கட்டணம், கடன் தவணை ஆகியன முந்திக்கொள்கின்றன. இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது. பருப்பை மட்டும் ஓசையின்றிக் குறைத்துவிடலாம். வயிறு நிரம்பிவிடுவதால் இக்குறை உடனே தெரிவதுமில்லை.

எல்லைக்கு இருபுறமும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ், குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் நியாயவிலைக் கடையிலேயே தரப்பட்டு வருகின்றன. கேரளத்தில் பருப்பு வகைகள், மாநிலக் குடிமைப் பொருள் வழங்கு கழகத்தின் மாவேலிக் கடைகளில் கிடைக்கின்றன. சிறுபயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரம்பருப்பு உள்ளிட்ட 13 பொருள்கள் அங்கு மானிய விலையில் விற்கப்படுகின்றன. 2016 முதல் மாறாதிருந்த இவற்றின் விலை, 2024 பிப்ரவரியில் சந்தை விலையில் 35 விழுக்காடு தள்ளுபடி என்ற அடிப்படைக்கு மாற்றப்பட்டது. பொருள் வகையில் கேரள முறை விரிவானது. ஆயினும் மலை லயத்தில் இருப்பவர் அதைப் பெற, கையில் ரொக்கத்துடன் நகருக்கு இறங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை இழக்க நேரலாம். ஆகவே பற்று எழுதிக் கொடுக்கும் அருகிலுள்ள கடையே அவருடைய சந்தையாகிவிடுகிறது. அங்கு மானியமும் இல்லை. விலையைப் பேசி வாங்கும் வலிமையும் கடன்பட்டவருக்கு இல்லை.

எல்லை தாண்டி உழைப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ ஏற்பாட்டினால், போடியின் அட்டை கொண்டு உடும்பஞ்சோலையில் தங்கியிருப்பவர் மத்திய அரசின் தானியத்தை அங்கேயே பெறலாம். ஆனால் தமிழ்நாடு அரசு தரும் பருப்பும் எண்ணெயும் அவருடன் எல்லை கடப்பதில்லை. அரிசி மலையேறுகிறது, பருப்பு அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது.

2015ஆம் ஆண்டு மூணாறு

கூலிக்கும் பருப்புக்கும் உள்ள உறவை விளக்க 2015ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கங்களின் தலைமையை ஏற்காமல் தாமே திரண்டு போராடினர். ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்ற அவ்வியக்கத்தின் முதற்கோரிக்கை 20 விழுக்காடு போனஸ். அடுத்தது, 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக உயர்த்துவது. முதற்கோரிக்கை நிறைவேறியது, அக்டோபரில் கூலி 301 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

அதே அக்டோபரில்தான் நாட்டின் பல நகரங்களில் துவரம்பருப்பு விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு வேண்டிய 340 கிராமையும் அப்பருப்பாலேயே நிரப்புவதாயின், செலவு 68 ரூபாய் ஆகும். பழைய கூலியில் இது 29 விழுக்காடு. புதிய கூலியிலும் 22 விழுக்காட்டுக்கு மேல். ஒரே பொருளுக்கு இத்தனை பங்கை எந்த இல்லத்தரசியும் ஒதுக்க இயலாது. கூலி உயர்வு எவ்வளவு இன்றியமையாததோ, பருப்பு விலையின் நிலைத்தன்மையும் அவ்வளவு இன்றியமையாதது. இதனை உணர்ந்தே மத்திய அரசு 2016இல் பருப்பு இருப்பின் அளவை 20 இலட்சம் டன்னாக உயர்த்த முடிவு செய்தது. 2023 ஜூலையில் ‘பாரத் பருப்பு’ என்ற பெயரில் கடலைப்பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது.

அடுப்படியின் பொருளாதாரம்

இச்சூழ்நிலையில் குடும்பம் தானே செய்யக்கூடியது என்ன? முதலாவது, விலையைச் சத்தால் வகுத்துப் பார்க்கும் பழக்கம். நூறு கிராம் அரிசியில் புரதம் 7 அல்லது 8 கிராம். மரச்சீனிக் கிழங்கில் மிகக் குறைவு. கொள்ளிலும் துவரையிலும் ஏறத்தாழ 22 கிராம். கொள்ளு கிலோ 80 ரூபாய் என்று கொண்டால், பத்து ரூபாய் 27 கிராம் புரதத்தைத் தரும். முட்டை ஒன்று 6 ரூபாயாயின், அதே பத்து ரூபாய்க்குக் கிடைப்பது 10 கிராம். முட்டையின் புரதம் தரத்தில் உயர்ந்தது என்பது உண்மை. அதனை வளரும் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, பெரியவர்களின் தேவையைப் பயறுகளால் நிறைவு செய்வது அறிவுடைமை. சித்தூரின் வறண்ட நிலங்களுக்குக் கொள்ளு புதியதன்று.

கேரளத்தின் ஏழை வீடுகளில் நெடுங்காலமாக வழங்கும் கஞ்சியும் பயறும், ஊட்ட அறிவியல் முழுமையாக ஏற்கும் உணவாகும். அரிசியில் குறைந்துள்ள லைசின் பயற்றிலும், பயற்றில் குறைந்துள்ள மெத்தியோனின் அரிசியிலும் உள்ளன. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்ற அளவில் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. புழுங்கலரிசியில் தயமின் என்னும் பி-1 சத்து பச்சரிசியைவிட மிகுதியாகத் தங்குகிறது. கஞ்சியாக அருந்துவதால் வடிநீரோடு அது வெளியேறுவதுமில்லை. முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, பலாக்கொட்டை ஆகியவை வீட்டைச் சுற்றியே கிடைக்கக்கூடியவை. ஏழைகளின் மீன் எனப்பட்ட மத்தியை மட்டும் முன்போல் நம்ப இயலாது. 2012இல் கேரளக் கடற்கரையில் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 4 ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது.

இரண்டாவது, எரிபொருள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், பருப்பும் பயறும் வேகச் சமவெளியைவிட நெடுநேரமாகும். எரிவாயுவைச் சேமிக்க விரும்பும் பெண், நேரம் எடுக்கும் பயற்றையே முதலில் கைவிடுவாள். பயற்றை முன்னிரவே ஊறவைப்பதும், பிரஷர் குக்கரில் வேகவைப்பதும் இத்தடையை நீக்கும். மலைத் தோட்டங்களில் குக்கர் வசதிப் பொருளன்று, ஊட்டச்சத்துக் கருவியாகும்.

மூன்றாவது, இரும்புச்சத்து. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையோர் கேரளத்தில் 36 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53 விழுக்காடு, இந்தியா முழுவதும் 57 விழுக்காடு. தேயிலை பறிப்பவர்கள் சோற்றுடன் கட்டன் தேநீர் அருந்துவது வழக்கம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவதற்கும், கீரையில் எலுமிச்சை பிழிவதற்கும் செலவு மிகச் சிறிது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தைத் தாய் கைவிடுவதற்குச் செலவே இல்லை.

அட்டப்பாடியின் எச்சரிக்கை

பாலக்காட்டின் வடகிழக்கே, கோவை எல்லையை ஒட்டிய அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். ராகி, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றைக் கலந்து பயிரிட்டு உண்டு வந்த மக்கள் இவர்கள். நிலம் கைமாறிப் பயிர்முறை மாறியபின் உணவு பெரும்பாலும் நியாயவிலை அரிசி என்றாயிற்று. 2013இல் அங்கு நேர்ந்த சிசு மரணங்களும், தாய்மாரின் ஊட்டக்குறையும் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. அரிசி மட்டும் உணவாகாது என்பதை இதைவிடக் கடுமையாக உணர்த்த முடியாது. அதன்பின் குடும்பஸ்ரீ மூலம் ஊர்தோறும் சமூகச் சமையற்கூடங்கள் அமைந்தன. 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கியது. அட்டப்பாடித் துவரை 2022இல் புவிசார் குறியீடும் பெற்றது. இழந்த பயறு நிலத்துக்குத் திரும்புவது நல்ல அறிகுறி.

செய்யத்தக்கவை

திட்டமிடுவோர் கருத வேண்டியவை மூன்று. முதலாவதாக, தானியத்துக்குக் கிடைத்துள்ள எல்லை கடக்கும் உரிமையைப் பருப்புக்கும் விரிவாக்க இரு மாநிலங்களும் மத்திய அரசும் கூடி வழிகாண வேண்டும். இரண்டாவதாக, மாவேலிக் கடையின் வண்டி, கூலி வழங்கும் நாளில் தோட்டத்துக்கே செல்ல வேண்டும். பணம் கையிலிருக்கும் நாளில் மானியப் பருப்பும் எதிரே இருந்தால், பற்றுக் கடையை நாட வேண்டிய தேவை குறையும். மூன்றாவதாக, 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட சேமிப்புக் குழுக்களாதலால், அவை மாதத் தொடக்கத்தில் பயற்றை மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாம். சில்லறைக்கும் மொத்தத்துக்கும் உள்ள விலை வேறுபாடு அவர்களுக்கே சேரும்.

குடும்ப ஆய்வு செய்யச் செல்லும் மாணவர்களும், கள அலுவலர்களும் வினாப்பட்டியலில் ஒரு வினாவைச் சேர்ப்பது நன்று. மாத வருமானம் என்ன என்று கேட்பதோடு, சென்ற மாதம் எத்தனை கிலோ பருப்பும் பயறும் வாங்கப்பட்டன, அவற்றில் எவ்வளவு பற்றுக்கு வாங்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ஏழைக் குடும்பத்திடம் சிக்கனமாக இருக்கச் சொல்வதில் பயனில்லை. அது முன்பே சிக்கனமாகத்தான் வாழ்கிறது. குறைக்க நேரும்போது முதலில் குறைக்கப்படுவது பயறாக இல்லாதபடி விலையையும் வழங்கலையும் அமைப்பதே அரசின் கடமை. அரிசியில் அது முடிந்தது என்றால், பருப்பிலும் முடியும்.