மலைக் குப்பையும் நம் குப்பைதான்



கல்வராயன்மலையில் பெய்கிற மழைதான் கோமுகி அணையை நிரப்புகிறது. அந்தத் தண்ணீர்தான் மலைக்குக் கீழே இருக்கும் நம் கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. அதே மலையில், பெரியார் நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டு, ஷாம்பு பாக்கெட்டைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறோமே, அது எங்கே போகும்? நம் வாய்க்காலுக்குத்தான் வரும்.

மலையின்மேல் குப்பை நிரப்பும் கிடங்கு கூடாது, கீழே 25 கிலோமீட்டருக்குள் சமவெளியில் இடம் பார்க்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. சரியான விதி. ஆனால் கீழே இருப்பது யார்? நாம்தானே! ஆற்றுக்கு 100 மீட்டர், குளத்துக்கு 200 மீட்டர் தள்ளி இடம் வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. ஏரியும் வயலுமாக இருக்கிற ஊரில் அப்படி எத்தனை இடம் தேறும்?

அதனால்தான் சொல்கிறேன்: கிடங்குக்குப் போக வேண்டியது மக்காத, மறுசுழற்சிக்கும் ஆகாத மிச்சம் மட்டுமே. நாம் அனுப்புவதோ எல்லாவற்றையும்! போன வாரம் தூய்மைப் பணி செய்யும் ஓர் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிச்சுப் போட்ட கறுப்புப் பையை அவிழ்த்தார். சாம்பார் சோறு, வாழையிலை, குழந்தையின் டயப்பர், அடியில் உடைந்த டியூப்லைட். சில்லு கையுறையைக் கிழித்துவிட்டது. கையை உதறிவிட்டு அடுத்த பையை எடுத்தார். எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது.

சோறும் இலையும் குப்பைமேட்டுக்கடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் பிறக்கும்; தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். 2022-ல் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் அதைப் பார்த்தோம். மேடு சரிந்தும் விழும்: கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நகராட்சிக்கு என் கோரிக்கை இதுதான். சந்தைக் காய்கறிக் கழிவும் ஓட்டல் இலையும் ஒரு கிலோகூடக் கிடங்குக்குப் போகாமல், அதை எருவாக்கும் நுண் உர மையத்துக்குப் போகட்டும். அந்த எரு நம் விவசாயிக்குக் கிடைக்கட்டும். மலைப் பஞ்சாயத்துகளுக்கும் ஒன்று: காலி மது பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்று நீலகிரியில் 2022-ல் தொடங்கினார்களே, அதே முறையை அருவிக்குப் போகிறவர்களின் தண்ணீர் பாட்டிலுக்கும் கொண்டுவாருங்கள்.

தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, நாளைக் காலை குப்பை வண்டி வாசலுக்கு வரும். ஈரக் குப்பையை ஒரு வாளியிலும் உலர் குப்பையை இன்னொரு வாளியிலும் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தனியாகத் தாளில் சுற்றி, அந்த அம்மாவிடம் சொல்லிக் கொடுங்கள்.