பெயர் எழுதிய சித்திரங்கள்

(சேலையூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சித்திரம் என்றால் பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குகிற சரக்கு, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் உழைப்பாளிகளின் முகத்தை வரைந்த சித்திரங்களும் இந்த நாட்டில் உண்டு. அவற்றில் இரண்டு விதத்தை இன்று பார்ப்போம்.

முதல் விதம் நம் தஞ்சாவூரில் பிறந்தது. கும்பினி ஆட்சிக் காலத்தில், வெள்ளைக்கார அதிகாரிகள் வாங்கிப் போவதற்கென்று அங்குள்ள ஓவியர்கள் படம் வரைந்தார்கள். நெசவாளியும் மனைவியும், குயவரும் மனைவியும் என்று ஜாதிக்கு ஒரு ஜோடி. அருமையான வர்ணம், புடவை மடிப்புக்கூடத் தப்பவில்லை. ஆனால் ஆளின் பெயர்? அது கிடையாது. ஜாதியும் தொழிலும் தெரிந்தால் துரைக்குப் போதும்.

இரண்டாவது விதம் வங்காளத்தில், 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பிறந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குப் பயன்படும் என்று சொல்லி, கடலோர ஜனங்களின் படகுகளை பிரிட்டிஷ் சர்க்கார் பறித்தது. பெரிய வியாபாரிகள் தானியத்தைப் பதுக்கினார்கள். சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நிலமில்லாத கூலிகளும் மீனவர்களுமே முதலில் விழுந்தார்கள்.

அந்த நவம்பரில் மேதினிப்பூர் ஜில்லாவின் கிராமங்களைச் சுற்றி வந்தார் கம்யூனிஸ்ட் ஓவியர் சித்தபிரசாத். அவருக்கு வயது 28. கறுப்பு மையில், கண்ணெதிரே கிடந்தவர்களை வரைந்தார். பல படங்களோடு அந்த ஆளின் பெயரையும் ஊரையும் எழுதினார். பட்டாச்சாரியா என்ற தம் ஜாதிப் பெயரை உதறியவர், சாகக் கிடந்த கூலியின் பெயரை மட்டும் விடாமல் எழுதி வைத்தார்!

அந்தப் படங்கள் 'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாக வந்தன. சர்க்கார் என்ன செய்தது? 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்தியது. சோறு போட முடியாத சர்க்காருக்குப் படத்தைக் கொளுத்த நெருப்பு இருந்தது. ஓவியரின் குடும்பத்தார் காப்பாற்றிய ஒரு பிரதியைக் கொண்டு 2011-இல் அந்நூல் மறுபடி அச்சாயிற்று.

தோழர்களே! காகிதத்தில் கிடக்கும் பெயருக்கு ஏன் இத்தனை பயம்? எண்ணிக்கையை யாரும் கூட்டலாம், குறைக்கலாம். பெயரும் ஊரும் இருந்தால் அப்படி மறைக்க முடியாது. அந்த ஊருக்குப் போய் விசாரிக்கலாம்.

இது நம் விஷயமும்தான். இன்றும் சாரம் சரிந்தால், 'கூலிகள் இருவர் பலி' என்று செய்தி முடிந்துவிடுகிறது. மஸ்டர் ரோலில் பெயரில்லாத ஒப்பந்தத் தொழிலாளி இறந்தால், அவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்று காண்டிராக்டர் கைவிரிக்கிறார். நஷ்ட ஈட்டுக்கு அவர் மனைவி படியேற வேண்டியிருக்கிறது.

ஆகவே நமக்கு வரையத் தெரியாவிட்டாலும் எழுதத் தெரியும். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் பீகாரோ, ஒடிசாவோ, செங்கல்பட்டோ, அவர் பெயரையும் ஊரையும் கேட்போம். சங்க நோட்டில் எழுதி வைப்போம். நிர்வாகத்தின் பதிவேட்டிலும் அந்தப் பெயர் ஏறும்வரை விடாமல் கேட்போம்!