குட்டிக் குதிரையின் காலுக்குக் காலக்கெடு உண்டு



நம் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக்கு வடக்கே, ஓசூரை அடுத்த மத்திகிரியில், 1824ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குதிரைகளுக்காக ஒரு பண்ணை அமைத்தது. பின்னாளில் அது மாட்டுப் பண்ணையாக மாறிவிட்டது. குதிரை இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்கு அந்தப் பண்ணையே சாட்சி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குட்டி வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டிலேயே குட்டி பிறக்கக் காத்திருப்பவர்களுக்கும் இன்று ஒரு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். சுழி பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், நடை பார்க்கிறோம். அதற்கெல்லாம் முன்னால் குட்டியின் காலைப் பார்க்க வேண்டும். ஏனென்றால், கோணல் கால் திருந்துவதற்கு ஒரு காலக்கெடு உண்டு.

குட்டியைச் சமதரையில் நிறுத்தி முன்னாலிருந்து பாருங்கள். பிறந்த குட்டிக்கு மார்பு குறுகலாக இருப்பதால் முன்னங்கால் பாதங்கள் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மார்பு விரிய விரிய அது தானாகச் சரியாகும். ஆனால் முட்டிகள் இரண்டும் உள்ளே சாய்ந்து, பாதங்கள் நன்றாக விலகி நின்றால், அல்லது கணுவுக்குக் கீழே கால் உள்பக்கமாக வளைந்திருந்தால், காத்திருக்கக் கூடாது. ஏனென்றால், எலும்பின் முனையில் வளரும் குருத்தெலும்பு இருக்கிறது. கணுவுக்கு மேலே உள்ள குருத்து, முதல் மூன்று மாதத்திலேயே தன் வளர்ச்சியைப் பெரும்பாலும் முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அங்கே வளைவைத் திருத்துவது கடினம். முட்டிக்கு மேலே உள்ள குருத்து வளர்ச்சி முடிந்து மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். ஆனால் அங்கேயும் திருத்தத்துக்கு நல்ல காலம் முதல் ஆறு மாதம்தான்.

அடுத்து குளம்பு. குட்டியின் குளம்பு பெரிய குதிரையின் குளம்பைவிட வேகமாக வளரும். ஒன்று, ஒன்றரை மாதக் குட்டியிலிருந்தே மாதம் ஒரு முறை அரத்தால் லேசாகச் சமன்செய்ய வேண்டும். குளம்பு ஒரு பக்கம் உயர்ந்து நின்றால், உடலின் எடை முழுவதும் மூட்டின் ஒரு பக்கத்தில் இறங்கி, எலும்பும் அந்தப் போக்கிலேயே வளரும். கோணல் காலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சீவுவது என்பதை மருத்துவரும் அனுபவமுள்ள லாடக்காரரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வளரும் குளம்பு விரிய இடம் வேண்டும். ஆகவே சின்னக் குட்டிக்கு லாடம் அடிக்க அவசரப்பட வேண்டாம்.

சில குட்டிகளுக்கு ஓரிரு மாதத்திலிருந்து குளம்பின் முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே வரும். பின்பக்கம் உயர்ந்து, நுனியில் ஊன்றி நடக்கும். எலும்பு வேகமாக நீள, அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தசைநார் இழுத்துப் பிடிப்பதே பெரும்பாலும் காரணம். இன்னும் சில குட்டிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து கணுவுக்கு மேலே வீங்கி, கால் உடுக்கை போலத் தெரியும். இரண்டுக்கும் பின்னால் அடிக்கடி இருப்பது, அன்பு மிகுதியால் நாம் அள்ளிக் கொடுக்கும் அடர்தீவனம்.

தீவனத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைப்போலப் பல மடங்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இருக்கிறது. அதை மட்டுமே அதிகமாகக் கொடுத்தால் எலும்பு பலமிழக்கும். இரண்டாவது, நம் பக்கம் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலத்தின் பெரும்பகுதியை மாட்டின் அசைபோடும் வயிறு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் புல்லை மட்டுமே போட்டுக் குட்டியை வளர்க்காதீர்கள். குதிரை மசால், சாதாரணப் புல், காய்ந்த தீவனம் என்று கலந்து கொடுங்கள். மூன்றாவது, கொள்ளு. புரதம் நிறைந்த நல்ல தானியம்தான், ஆனால் அளவு வேண்டும். சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரஸும் ஒன்றரைக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை இருக்கும்படி, தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. தர்மபுரியின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். மனிதர்களின் பல்லையும் எலும்பையும் அது கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013இல் அது பயன்பாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அந்த ஃபுளோரைடு குதிரையையும் விடாது. பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் புடைப்பு, நொண்டல் என்று அது காட்டும். எலும்பும் பல்லும் உருவாகும் பருவத்தில் பாதிப்பு அதிகம். கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குட்டிக்கும் தாய்க்கும் மழைநீரோ குழாய் நீரோ தேடிக் கொடுங்கள்.

நடமாட்டமும் மருந்துதான். தாயோடு மண்தரையில் தன் போக்கில் ஓடி விளையாடட்டும். ஆனால் கால் மிகவும் வளைந்த குட்டியையும், மூட்டு வீங்கிய குட்டியையும் ஓட விடாமல் சிறு அடைப்பில் வைக்க வேண்டும். குட்டியைத் தார்ச்சாலையில் வண்டியோடு ஓட்டிப் பழக்குவதும், எலும்பு முற்றாத வயதில் வண்டி பூட்டுவதும் வாழ்நாள் நொண்டலுக்கு வழி. ஆணி, முள் குத்திய குளம்பிலிருந்து ரணஜன்னி வரும். குதிரைக்கு அது உயிர்க்கொல்லி. ரணஜன்னித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

மாதம் ஒரு நாள் குட்டியைச் சமதரையில் நிறுத்தி நான்கு கால்களையும் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்து முந்தைய மாதப் படத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றம் தெரிந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டிய ஆலோசனையை முதலாம் ஆண்டு நிறைவில் கேட்காதீர்கள்.