எண்ணிப் பார்க்காத கை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம்ம கூட்டமைப்பிலிருந்து பதினான்கு பேர் நீலகிரிக்குப் பட்டறிவுப் பயணம் போய் வந்தோம். போனவங்க வந்து கதை சொல்லிட்டாங்க, படமும் காட்டிட்டாங்க. குளிர் எப்படி இருந்தது, யார் யார் மலைப்பாதையில வாந்தி எடுத்தாங்க என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதை இல்லை. அங்கே ஒரு அம்மா நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க. பதினான்கு பேரில் ஒருத்தருக்கும் பதில் தெரியலை. அந்தக் கேள்வியை உங்க முன்னாலயும் வைக்கணும்னுதான் வந்திருக்கேன்.

இரவு பதினோரு மணிக்குக் காஞ்சிபுரத்தில் வேன் ஏறினோம். வேலூர், கிருஷ்ணகிரி தாண்டி விடியற்காலையில் தர்மபுரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே எல்லோரையும் எழுப்பி ஒரு விஷயம் சொன்னேன். நாம இன்னைக்கு குழு, சேமிப்பு, உள்கடன்னு பேசுறோமே, தமிழ்நாட்டில் அரசு அதை முதலில் தொடங்கியது இந்த தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். ஒரு அக்கா தூக்கக் கலக்கத்தோடயே, "அப்ப இது நமக்குத் தாய்வீடு மாதிரி"ன்னு சொன்னாங்க. அப்புறம் சேலம், மேட்டுப்பாளையம் வழியா மலை ஏறினோம்.

நாங்கள் பார்க்கப் போனது தோடர் மக்களை. நீலகிரியில் உள்ள பழங்குடிகளில் ஒரு பிரிவினர். மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவர்கள் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உதகமண்டலம் என்ற ஊர்ப் பெயரே அப்படி ஒரு மந்துவின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். எருமை வளர்ப்பவர்கள், இறைச்சி சாப்பிடாதவர்கள். அவர்களுடைய மொழி நம் தமிழுக்கு உறவுள்ள தனி மொழி, அதற்கு எழுத்து கிடையாது. எருமைகள் மேய்ந்த புல்வெளி பெரும்பகுதி தேயிலைத் தோட்டமாகவும் சீகை, தைல மரக் காடாகவும் மாறிவிட்டது. அதனால் மந்தையும் குறைந்துவிட்டது. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற பழைய வீடுகள் இன்று சிலதான் மிச்சம். பெரும்பாலானவர்கள் நம்மைப் போல சிமெண்ட் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் போன மந்துவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த அம்மா வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. காரணம் நான்தான். அதையும் மறைக்காமல் சொல்லிடறேன்.

வேனை விட்டு இறங்கியதும் ஒரு வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து ஒரு அம்மா பூவேலை செய்துகொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். எனக்கு உடனே பயண அறிக்கை ஞாபகம் வந்தது. அறிக்கைக்குப் போட்டோ வேணுமே! செல்போனை எடுத்தேன், இரண்டு படம் எடுத்தேன். அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நல்ல தமிழில் கேட்டார். "நீங்க இன்னும் என் பேரையே கேக்கலையேம்மா?"

சமூகப்பணி படித்தவள் நான். மக்களை எப்படி அணுகணும்னு உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவள். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே இரண்டு படத்தையும் அழித்தேன்.

தோடர்களை வெளியார் வந்து பார்ப்பது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் இவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதி 1906-லேயே வெளிவந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக யாராவது ஒருவர் நோட்டோடும் கேமராவோடும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் போய் நின்றேன்.

கல்லூரியில் படிக்கும்போது அமெரிக்காவில் உள்ள ஆமிஷ் என்ற கிறிஸ்தவ சமூகத்தைப் பற்றிப் பாடம் இருந்தது. இன்றும் குதிரை வண்டியில் போகிறவர்கள், வெளி மின்கம்பியை வீட்டுக்குள் இழுக்காதவர்கள். கேமரா முன்னால் நின்று முகம் காட்டுவது தற்பெருமை என்று நினைப்பவர்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற பகுதியில் இவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கவென்றே வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேர் காரில் வருகிறார்களாம். அந்தப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை அங்கே பேர் போனது. வாங்குகிறவர்கள் பலர். இது எத்தனை நாள் வேலைம்மா என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்று அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். மந்துவில்தான் புரிந்தது.

நமக்கும் இது புதுசில்லை, இல்லீங்களா? எங்களோடு வந்த பிள்ளையார்பாளையத்து அக்கா அங்கேயே சொன்னாங்க. "நம்ம வீட்டுக்கும்தான் ஆட்டோக்காரர் வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டு வர்றார். தறிக்குழியில கால் விட்டு உட்கார்ந்திருக்கிற அவரைப் படம் எடுப்பாங்க, சேலையைப் படம் எடுப்பாங்க. நான் மூலையில தார் சுத்திக்கிட்டு இருப்பேன். படத்துல விழுந்துடப் போறேன்னு என்னைத் தள்ளி உட்காரச் சொல்வாங்க."

இதைக் கேட்டு அந்தத் தோடர் அம்மா சிரித்துவிட்டார். பிறகு எங்களை உட்கார வைத்து வேலையைக் காட்டினார்.

சொரசொரப்பான வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். பூவேலை செய்த அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். இறந்தவர்களுக்கும் அதைத்தான் போர்த்துவார்கள். துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியில் நெய்ததை வாங்குகிறார்கள். பூவேலை முழுக்கப் பெண்கள் கையில். துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள், அதுவும் பின்பக்கத்திலிருந்து. நம்ம தறியில் ஜக்கார்டு அட்டை டிசைனை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இங்கே அந்த அட்டை அவர்கள் தலைக்குள் இருக்கிறது. முடிந்ததும் பார்த்தால், ஊசியில் தைத்ததா தறியில் நெய்ததா என்று நமக்கே சந்தேகம் வருகிறது. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் நாங்களே திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

நம்ம காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் பூவேலைக்கு 2013-ல் கிடைத்தது. அந்த வகையில் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்தான்.

அங்கேயும் எல்லாம் பெண்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்று நான் சொல்ல வரலை. அவர்களுடைய பால்மனைக் கோயில் பக்கம் பெண்கள் போகக் கூடாது. இதைக் கேட்டதும் நம்ம ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நம்ம வீட்டில் மாசத்தில் மூணு நாள் நடக்கிறது ஞாபகம் வந்திருக்கும். அதனால் அவர்கள் உசத்தி, நாம் மட்டம் என்றோ, நாம் உசத்தி, அவர்கள் மட்டம் என்றோ பேச வேண்டாம்.

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். ஒரு சால்வையின் விலையைக் கேட்டோம். சொன்னார். நம்ம அக்கா ஒருத்தர் வழக்கம்போல "கொஞ்சம் குறைச்சுக்கோங்கம்மா" என்றார். அந்த அம்மா விரலை மடக்கி எண்ணினார். துணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, இத்தனை நாள், ஒரு நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போது இத்தனை மணி நேரம். "இதுல எதைக் குறைக்கச் சொல்றீங்க?" என்றார். யாரும் வாய் திறக்கலை.

பிறகு அவரே கேட்டார். "நீங்க பட்டுச்சேலை செய்யறவங்கன்னு சொல்றீங்க. ஒரு சேலையில உங்க கை எத்தனை நாள்? அதுக்கு உங்களுக்கு எவ்வளவு?"

ஒருத்தர், "கூலி அவர் கையில வருமுங்க" என்றார். இன்னொருத்தர், "நாங்க சும்மா கூடமாட ஒத்தாசைதான்" என்றார்.

சும்மா! வேனில் திரும்பி வரும்போது இந்த ஒரு சொல் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் நோட்டை எடுத்து எல்லோரையும் கேட்டு எழுதினேன். பட்டு நூலைப் பிரித்துச் சுற்றுவது யார்? தார் சுற்றுவது யார்? பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும்போது கூட உட்காருவது யார்? கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது யார்? முன்னெல்லாம் அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது நல்லதுதான், ஆனால் பல வீட்டில் அந்த இடத்தில் இப்போ அம்மா உட்கார்ந்திருக்கிறார். மூன்று சேலைக்கு ஒரு பாவு என்றால், மூன்று சேலையிலும் இந்தக் கை இருக்கிறது. கூலிச் சீட்டில் மட்டும் இல்லை.

இந்த வேலைக்கு அரசாங்கத்திடமே ஒரு பெயர் இருக்கிறது. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்கள் சுமார் 26.7 லட்சம் பேர். அதோடு தனியாக, நெசவு சார்ந்த வேலை செய்பவர்கள் என்று சுமார் 8.5 லட்சம் பேரை எண்ணியிருக்கிறார்கள். நூல் சுற்றுவதும் பாவு வேலையும் அதில்தான் வருகிறது. டெல்லியில் எண்ணுகிறார்கள். நம்ம வீட்டுத் திண்ணையில் இன்னும் எண்ணவில்லை. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று "நீங்க என்ன வேலை?"ன்னு கேட்டப்ப, "வீட்டுல சும்மாத்தான் இருக்கேன்"னு சொன்னவங்க இந்தக் கூடத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்குங்க.

ஊருக்கு வந்ததும் பயணம் போனவர்களில் ஐந்து பேர் ஒரு நோட்டுப் போட்டோம். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. தேதி, என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. அவ்வளவுதான். ஒரு அக்கா வீட்டில் அவர் வீட்டுக்காரர், "இது என்ன புதுசா கணக்கு, என்கிட்டயே கூலி கேக்கப் போறியா?"ன்னு சத்தம் போட்டாராம். அக்கா பதில் பேசாமல் எழுதிக்கொண்டே வந்தாங்க. ஒரு சேலை முடிந்து மடிக்கும் அன்றைக்கு நோட்டை அவர் கையில் கொடுத்தாங்க. அவர் மேலிருந்து கீழே வரை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தறியில் உட்காரும்போது, "நேத்து ராத்திரி தார் சுத்தினதை எழுதலையே"ன்னு கேட்டாராம். அக்கா இதைச் சொல்லும்போது சிரிச்சாங்க, கண்ணில் தண்ணியும் வந்தது.

நோட்டு எழுதினால் நாளைக்கே காசு வந்துவிடும் என்று நான் சொல்லலை. புருஷனோடு சண்டை போடவும் சொல்லலை. அவருக்குக் கிடைக்கிற கூலியே பத்தாக்குறைதான், அது நமக்குத் தெரியாததில்லை. ஆனால் கூலி உயர்த்திக் கேட்கப் போகும்போது, ஒரு சேலைக்கு ஒரு ஆள் இத்தனை நாள் என்று சொல்வதும், இரண்டு ஆள் இத்தனை நாள் என்று எழுதிக் காட்டுவதும் ஒன்றா? அடுத்த கணக்கெடுப்பில் நம் தொழிலைச் சரியாகச் சொல்லவும், அடையாள அட்டை கேட்கவும் இந்த நோட்டு கையில் இருக்கணும்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, விருப்பப்பட்டால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்கள் மணிக்கு ஒரு கோடு போட்டால் போதும். ஊக்குநர்கள் கூட்டி எழுதித் தரணும். மூன்று மாதம் கழித்து எல்லா நோட்டையும் இங்கே கொண்டுவந்து பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது அந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன், சொன்னார். எங்கள் பதினான்கு பேர் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே, "இப்ப எடுத்துக்கோ"ன்னு சொன்னார். அறிக்கைக்கு வேண்டாம்மா என்றேன். அவர் எங்கள் நடுவில் உட்கார்ந்து எடுத்த அந்தப் படம் என் செல்போனில் இருக்கிறது. அவர் சம்மதித்தது எங்களோடு உட்காரத்தான், அதனால் இந்த இதழில் அதைப் போடவில்லை.