அழையாது வந்த சுற்றம்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெல்லுக்கு நீர் பாய்ச்சினால் களையும் உடன் செழிக்கும். கணிப்பொறியிலும் அஃதே நிகழ்கின்றது. இலினக்சைக் கருவாகக் கொண்ட இயங்குதளங்களுள் ஒன்று, இயன் மர்டாக்கு 1993இல் தொடங்கிய தெபியன். அதில் ஒரு மென்பொருளை நிறுவுமாறு கட்டளையிட்டால், அது தனித்து வருவதில்லை. தன் சுற்றத்தையும் அழைத்து வருகின்றது.

அச்சுற்றம் மூவகைப்படும். மென்பொருள் இயங்க இன்றியமையாதது சார்பு. பெரும்பாலார்க்கு உதவுவது பரிந்துரை. விரும்பினார் மட்டும் கொள்வது கருத்துரை. 2009இல் வெளிவந்த ‘இலென்னி’ பதிப்பு முதல், பரிந்துரைப் பொதிகளும் கேளாமலே நிறுவப்படுகின்றன. அவற்றை விரும்பாதார் ‘நோ-இன்சுடால்-ரெகமெண்ட்சு’ என்னும் குறிப்பைக் கட்டளையோடு சேர்த்தல் வேண்டும்.

சில பொதிகள் மிகுதியாய் வருவதால் கேடென்ன என்று வினவலாம். 2024 மார்ச்சு 29ஆம் நாள் அதற்கு விடை கிடைத்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்சு-செட்’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று மறைந்திருந்ததை ஆந்திரெசு பிராயிண்டு என்னும் பொறியாளர் அன்று வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைவோரைத் தேர்ந்து விடுக்கும் வாயிற்காவலன் ‘ஓப்பன் எசு.எசு.எச்.’ அதற்குச் சுருக்குநிரல் தேவையே இல்லை. ஆயினும், தான் இயங்கத் தொடங்கியதைச் ‘சிசுட்டம்டி’ என்னும் மேலாண்மை நிரலுக்கு அறிவிக்கும் பொருட்டு, தெபியனில் அதன் நூலகத்தோடு இக்காவலன் பிணைக்கப்பட்டிருந்தது. அந்நூலகமோ சுருக்குநிரலின் நூலகத்தைச் சார்ந்திருந்தது. உறவின் உறவாய்க் கள்ளன் உள்ளே புகுந்தான்! தெபியனின் ஆய்வுப் பதிப்புகளை அஃது எட்டிவிட்டது. நிலைத்த பதிப்பை எட்டுமுன் பிடிபட்டது.

இனி, களையும் முறையைக் காண்போம். முதற்கண், ‘ஆப்டிட்யூடு ஒய்’ என்னும் கட்டளையால், ஒரு பொதி எதன்பொருட்டு வந்தது என்று வினவுதல் வேண்டும். பயனர் கேட்டு வந்தவை எவை, தாமாக வந்தவை எவை என்று இயங்குதளம் குறித்து வைத்துள்ளது. தாமாக வந்து, இன்று எவர்க்கும் வேண்டாதனவாய் நிற்பவற்றை ‘ஆட்டோரிமூவ்’ என்னும் கட்டளை அகற்றும். அதனைக் கண்மூடி ஏவலாகாது. வேரான ஒரு பொதியைப் பிடுங்கினால், நாள்தோறும் பயன்படுவனவும் ஆதரவற்றனவாய் எண்ணப்பட்டு ஒருங்கே நீங்கக்கூடும். ஆகவே, முதலில் வெள்ளோட்டம் விட்டு, நீங்கவிருப்பவற்றின் பட்டியலைப் படித்தல் வேண்டும். வேண்டியவற்றை ‘ஆப்டு-மார்க்கு’ கட்டளையால் பயனர் கேட்டவை எனக் குறித்த பின்னரே ஏனையவற்றை நீக்குதல் வேண்டும்.

மொழித்தூய்மைக்கும் இதுவே நெறி. அயற்சொல் எதன்பொருட்டுப் புகுந்தது என்று வினவி, அவ்விடத்தில் தமிழ்ச்சொல்லை அமர்த்திய பின் களைந்தால் தொடர் சிதையாது. வாயிலில் வினவாதவன் வீட்டை இழப்பான். ஆராயாது களைபவன் பயிரை இழப்பான்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறிவு!