கல்லும் கடலும் பெயரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிலத்தில் இறந்தவனுக்கு ஓர் இடம் உண்டு. எரித்தாலும் புதைத்தாலும், இன்ன இடத்தில் அடங்கினான் என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட ஒரு பிடி மண்ணாவது எஞ்சுகிறது. கடலில் இறந்தவனுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. அவன் மூழ்கிய இடத்தின்மீது மறுநொடியே அலை புரண்டு விடுகிறது. அடுத்த கலம் அவ்விடத்தை அறியாமலே கடந்து செல்கிறது.

ஆகவேதான், கடலில் மறைந்த மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் கரையில் எழுப்பப்படும் நினைவுச் சின்னம் ஏனைய சின்னங்களினின்றும் வேறுபடுகிறது. அதன் அடியில் உடல் இல்லை, எலும்பு இல்லை, சாம்பலும் இல்லை. இறந்தவனிடமிருந்து அந்தக் கல்லுக்கு வந்து சேரக்கூடியது அவன் பெயர் ஒன்றே. அந்தப் பெயரும் பொறிக்கப்படாவிட்டால் கல் யாருக்காக நிற்கிறது? இவ்வுரையின் வினா இதுவே.

நடுகல் மரபு

கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கத்தைத் தமிழர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் அது நிறைவு பெறுகிறது. வீரனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதியதைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் குறிக்கின்றன. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள், ஆண்ட மன்னன் பெயர், ஆட்சியாண்டு, இறந்த வீரன் பெயர், அவன் எதன்பொருட்டு இறந்தான் என்னும் செய்தி ஆகியவற்றைச் சில வரிகளில் சொல்லி முடிக்கின்றன. ஆநிரை மீட்டு இறந்த ஓர் எளிய வீரனின் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பது அந்தச் சில வரிகளால்தான்.

அந்த நடுகற்களில் பெரும்பாலானவை நிலப்போரில் வீழ்ந்தவர்க்கு உரியவை. கடற்போரைக் காட்டும் கற்களும் இந்நாட்டில் உண்டு. மும்பை போரிவிலியை அடுத்த ஏக்சரில் நிற்கும் வீரக்கற்களில், துடுப்புகள் வரிசையாக நீண்ட கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்துச் செல்வது அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளது. கடலில் வீழ்ந்தவனுக்குக் கரையில் கல் நடும் எண்ணம் இந்திய மண்ணுக்கு அயலானதன்று என்பதற்கு அக்கற்களே சான்று.

ஒரு கப்பல், இரு கரைகள்

இக்காலத்துச் சின்னங்களுள் முதலில் கருதத்தக்கது இலண்டனில் டவர் ஹில் பகுதியில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவகம் ஆகும். அதன் முதற்பகுதியை அமைத்தவர் எட்வின் லட்யன்ஸ்; புதுதில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவரே. 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பகுதியில், முதல் உலகப்போரில் மாண்ட ஏறத்தாழ 12,000 மாலுமிகளின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப்போரில் மாண்ட ஏறத்தாழ 24,000 பேருக்காக எட்வர்டு மாஃப் அமைத்த தாழ்நிலைத் தோட்டம் 1955இல் திறக்கப்பட்டது. கடலன்றி வேறு கல்லறை இல்லாதவர்களுக்கே அங்கு இடம்.

பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை கருத்தூன்றிக் காணத்தக்கது. ஊர்வாரியாகவோ நாள்வாரியாகவோ அவை அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு கப்பலின் பெயரும் தலைப்பாக நிற்க, அக்கப்பலோடு மூழ்கியவர்கள் அதன்கீழ் வருகிறார்கள். தலைவனும் மாண்டிருந்தால் அவன் பெயர் முதலில் நிற்கிறது. ஒரே கலத்தில் உண்டு உறங்கியவர்கள் கல்லிலும் ஒன்றாகவே இருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான அடுக்கு முறையை எண்ணிப்பார்ப்பது அரிது.

ஆயினும் அந்த ஒற்றுமைக்கு ஓர் எல்லை இருந்தது. 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோர்க்கு அது விளங்கும். காசி நகரின் பெயரைத் தாங்கிய அக்கப்பல் 1940 செப்டம்பர் 13 அன்று லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றும்பொருட்டு அரசுத் திட்டத்தின்கீழ் அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தனர். செப்டம்பர் 17 இரவு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலான யு-48 அதனைத் தாக்கி மூழ்கடித்தது. அக்குழந்தைகளுள் 77 பேர் இறந்தனர். அச்செய்தி உலகை உலுக்கியது. அந்தக் கப்பலை இயக்கிய பணியாளர்களில் பெரும்பாலோர் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள். அட்லாண்டிக்கின் குளிரில் அவர்களுள்ளும் பலர் மாண்டனர். இதனை அறிந்தவர் மிகச் சிலரே.

அக்கப்பலின் ஐரோப்பியப் பணியாளர்களின் பெயர்கள் இலண்டன் நினைவகத்தில் உள்ளன. இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கே இல்லை. இரண்டாம் உலகப்போரில் மாண்ட ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டு, ஒரு படி மும்பையிலும் ஒரு படி சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டன. ஒரே இரவில் ஒரே கடலில் ஒரே கப்பலோடு மூழ்கியவர்கள் கல்லில் ஒரு கரையாகவும் ஏட்டில் இன்னொரு கரையாகவும் பிரிக்கப்பட்டார்கள். கடல் செய்யாத பிரிவினையைப் பதிவேடு செய்தது.

ஏட்டிலேனும் பெயர் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் நிற்கும் லஸ்கர் நினைவுத்தூணின் நிலை அதனினும் வேறு. 1924இல் திறக்கப்பட்ட அத்தூண் அழகியது; நாற்புறமும் பழங்காலக் கலத்தின் முகப்பு துருத்தி நிற்க, ஏறத்தாழ நூறு அடி உயரம் எழுந்து நிற்கிறது. முதல் உலகப்போரில் உயிரிழந்த 896 மாலுமிகளுக்கு அது காணிக்கை என்று கல்வெட்டு கூறுகிறது. கூறுவது எண்ணிக்கையை. தூணைச் சுற்றி வரும் ஒரு மாலுமியின் பேரன், தன் பாட்டன் அந்த 896 பேரில் ஒருவன் என்று நம்பிக்கொள்ளலாமேயன்றி, விரலால் தொட்டுக் காட்ட இயலாது.

இது தற்செயலாக நேர்ந்த குறை என்று கொள்வதற்கும் இடமில்லை. பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பேணும் ஆணையம் நியமித்த குழு 2021இல் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முதல் உலகப்போரில் மாண்டவர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அது ஒப்புக்கொண்டது. அவர்களிற் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் ஆசியரும் ஆவர். உயிரை ஒரே அளவில் வாங்கிய போர், பெயரை ஒரே அளவில் திருப்பித் தரவில்லை.

எண்ணிலிருந்து பெயருக்கு

எண் எப்பொழுதும் பெயருக்குப் பகை என்பதும் இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரம் இதற்குச் சான்று. 1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக் மூழ்கி ஏறத்தாழ 1,500 பேர் இறந்தபின், கடலில் மிதந்த உடல்களைத் தேடி மக்கே-பென்னட் என்னும் தந்திவடக் கப்பல் அத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கண்டெடுத்த ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண் இடப்பட்டது. உடையில் கிடைத்த பொருள்கள் அதே எண்ணிட்ட பையில் வைக்கப்பட்டன. தலைமயிரின் நிறம் முதல் துணியில் தைத்திருந்த எழுத்துவரை குறித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் உறவினர் வந்து அடையாளம் காண்பதற்கு அந்த எண்களே வழிகாட்டின. ஹாலிஃபாக்ஸ் கல்லறைத் தோட்டங்கள் மூன்றில் 150 பேர் அடக்கம் செய்யப்பட்டனர். அடையாளம் காணப்படாதவர்களின் கல்லில் இறந்த நாளும் அந்த எண்ணும் மட்டுமே பொறிக்கப்பட்டன.

நான்காம் எண் ஒரு சிறு குழந்தைக்கு உரியது. அதனை உரிமை கோரி எவரும் வரவில்லை. கண்டெடுத்த கப்பலின் மாலுமிகளே தம் கைப்பொருளைத் திரட்டி, பெயரறியாக் குழந்தை என்று குறித்து ஒரு கல் நட்டனர். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் அறிவியலார் மரபணுச் சோதனை செய்து, 2002இல் அது பின்லாந்துக் குழந்தை ஒன்று என அறிவித்தனர். அம்முடிவு பிழையானது. குழந்தையின் காலணிகள் காவல் அதிகாரி ஒருவரால் எரிக்கப்படாமல் காக்கப்பட்டு, அவர் குடும்பத்தின் வழியே அருங்காட்சியகத்தை அடைந்திருந்தன. அவற்றின் அளவு அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை. மீண்டும் சோதித்தபோது, 2007இல் அக்குழந்தை இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி லெஸ்லி குட்வின் என்று தெளிவாயிற்று. வயது பத்தொன்பது மாதம். பெற்றோரும் உடன்பிறந்தார் ஐவரும் அதே கப்பலோடு மறைந்திருந்தனர்.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைத் தருகிறது. பெயரைத் தேடுவதற்குக் காலக்கெடு இல்லை என்பது ஒன்று. அவசரத்தில் இட்ட பெயர் பெயரின்மையைவிட மேலானதன்று என்பது மற்றொன்று. பிழையான பெயர், உரியவனை இரண்டாம் முறை மூழ்கடித்து விடுகிறது.

பாட்டு காத்ததும் காவாததும்

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒரு மறுப்பு எழக்கூடும். கல் உடையும், ஏடு மக்கும், பாட்டு வாழுமன்றோ என்று கேட்கலாம். குஜராத்தின் கடற்கரை அதற்கு விடை தருகிறது.

1888 நவம்பர் 8 அன்று கட்ச் மாண்ட்வியிலிருந்து பம்பாய் நோக்கிச் சென்ற 'வைதர்ணா' என்னும் நீராவிக் கப்பல் சௌராஷ்டிரக் கரைக்கு அப்பால் புயலில் சிக்கிக் காணாமற்போனது. மின்விளக்குகள் கொண்டிருந்ததால் மக்கள் அதனை 'வீஜளி', அதாவது மின்னல், என்று அழைத்தனர். மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதப் பம்பாய்க்குப் புறப்பட்ட மாணவர்களும் திருமணக் குழுவினரும் அதில் இருந்தனர். எழுநூறுக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். ஓர் உடலும் கிடைக்கவில்லை. கப்பலின் சிதைவும் கிடைக்கவில்லை. அந்தப் பேரிழப்பைக் காத்தது நாட்டுப்பாடல். கப்பல் தலைவன் ஹாஜி காசமை விளித்துப் பாடும் அப்பாடலை ஜவேர்சந்த் மேகாணி தம் தொகுப்பில் சேர்த்தார். நூற்றாண்டுக்குப் பின்னும் குஜராத்தில் அதனை அறியாதவர் குறைவு.

பாட்டு துயரத்தைக் காத்தது. கப்பலின் பெயரையும் தலைவனின் பெயரையும் காத்தது. தேர்வெழுதப் போன மாணவனின் பெயரை அதனால் காக்க இயலவில்லை. மக்கள் வழக்கில் இறந்தோர் தொகையே பதிவேட்டுத் தொகையினும் பெருகிவிட்டது. பாட்டின் ஆற்றலும் எல்லையும் இங்கே ஒருங்கே புலப்படுகின்றன. அது நெஞ்சை இறுகப் பற்றும். கணக்கை நெகிழ விடும். ஆகவே பாட்டும் பதிவேடும் ஒன்றுக்கொன்று மாற்றாக மாட்டா. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்க வேண்டும்.

தமிழ்க் கரையின் கடன்

இக்கருத்தைத் தமிழ்க் கடற்கரையில் பொருத்திப் பார்க்கும்போது அதன் கூர்மை மிகுகிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பயணிகள் இரயில் வண்டியைப் புயலலை விழுங்கியது. வண்டியில் இருந்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர் என்பது பயணச்சீட்டு வழியாக வந்த கணக்கு. சீட்டின்றி ஏறியவர் அக்கணக்கில் அடங்கார். இடிந்த தேவாலயச் சுவரையும் இரயில் நிலையச் சிதைவையும் பார்த்துச் செல்வோர் எண்ணற்றவர். அழிந்த ஊரைப் பாடிய பாக்களும் பல. அவற்றில் மணல் உண்டு, அலை உண்டு, இராமன் உண்டு. அந்த வண்டியில் இருந்த ஒரு மனிதனின் பெயரை எத்தனை பாக்களில் காணமுடியும்?

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து மீனவர்களை ஆழ்கடலில் வளைத்துக்கொண்டது. தூத்தூர், சின்னத்துறை முதலிய ஊர்களில் பலர் கரை திரும்பவில்லை. உடல் கிடைக்காதவிடத்து, ஏழாண்டுகள் செய்தி இல்லையேல்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு வகுத்த நெறி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அந்த ஏழாண்டை மாற்றவில்லை. கடலில் கணவனை இழந்தவள் கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள் என்ற நிலையில் நிற்கிறாள். ஓய்வூதியத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் பிள்ளையின் படிப்புதவிக்கும் அவள் கொண்டுசெல்ல வேண்டிய தாளில் அவன் பெயர் ஏறுவதில்லை. அவளைப் பொறுத்தவரை, பெயரைப் பதிவு செய்தல் கலை நயமோ சடங்கோ ஆகாது. அது அடுத்த மாதத்துச் சோறு.

கவிதை எழுதுவோர் கடலைப் பெரும்பாலும் உவமையாகவே காண்கின்றனர். பிறவி ஒரு கடல்; துயர் ஒரு கடல்; காதலும் ஒரு கடல். நெய்தல் நிலத்தில் இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர், அந்த இரங்கலுக்குப் புன்னையையும் கழியையும் நாரையையும் தோணியையும் பெயர் சொல்லி அழைத்தனர். இன்றைய நெய்தற் கவிதைக்கும் அந்தத் துல்லியம் வேண்டும். எந்த விசைப்படகு, எந்தத் துறை, எந்த நாள், யார் யார் சென்றனர் என்று கேட்டறியும் பணிவு வேண்டும்.

செய்யத்தக்கது பெரிய காரியமும் அன்று. ஒரு கடற்கரை ஊருக்குச் சென்று, கடலில் மறைந்தவர்களின் பெயர்களை வீட்டாரிடம் கேட்டு எழுதலாம். ஊரார் அழைத்த பெயர், கோயில் பதிவேட்டுப் பெயர், படகின் பெயர், சென்ற நாள் ஆகியவற்றைக் குறிக்கலாம். ஐயமுள்ளதை ஐயமுள்ளதாகவே எழுதலாம். அந்தப் பட்டியலை ஊர் நூலகத்தில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக வைக்கலாம். பாட்டு பிறகு வரட்டும். வந்தால் அது நிற்பதற்கு ஓர் அடித்தளம் இருக்கும்.

பண்டைத் தமிழன் கல்லை நீராட்டிய பின்னரே நட்டான். கடலில் மறைந்தவர்கள் நீராடி முடித்தவர்கள். அவர்களுக்கு இனி வேண்டியவை எழுத்தும் இடமும். எழுத்து, இவ்வவையில் உள்ளவர்களின் கையில் இருக்கிறது.